குடும்பக் கிலோ

ரியோ கஷேகோஸ்,
22 ஜூன் 1990, வெள்ளிக்கிழமை

அன்புள்ள எவாரிஸ்தோவுக்கு,

இங்கே நானும் இர்மாவும் நலம். நீயும் நலம் என்று நேற்று வானொலியில் சொன்னாய். ஆனால் சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. பதினோரு வருஷமாக உன்னோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். "நல்லா இருக்கேன்" என்று நீ மெதுவாகச் சொன்னால் நன்றாக இருக்கிறாய் என்று அர்த்தம். வேகமாகச் சொன்னால் ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். விமானத்தளத்து வானொலி அறையில் எனக்குப் பின்னால் இன்னும் பன்னிரண்டு பெண்கள் நிற்கிறார்கள், ஆளுக்கு மூன்று நிமிஷம், ஒருத்தி பேசுவதை அத்தனை பேரும் கேட்கிறார்கள். அதில் புருஷனிடம் எதைக் கேட்பது? அதனால்தான் கடிதம்.

உடைந்தது எது என்று கமாண்டர் இபர்ரா எங்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். நீ மறைத்துப் பயனில்லை. முதல் ஜெனரேட்டர் மே மாதமே செத்துப்போயிற்றாம். இரண்டாவதற்கு எரிபொருள் பம்ப் தேய்ந்து, நீ ஏதேதோ ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறாயாம். அதுவும் நின்றால் பதினேழு பேருக்கும் மண்ணெண்ணெய் அடுப்புதான் கதி, அதற்கான எண்ணெய் மூன்று வாரத்துக்கு மேல் வராது. கப்பல் டிசம்பரில்தான். தென்துருவத்தில் இருக்கிற உங்கள் தளத்தில் விமானம் இறங்க இடம் கிடையாது. மேலேயிருந்து போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இதையெல்லாம் அவர் நிதானமாகச் சொன்னார். நாங்களும் நிதானமாகக் கேட்டுக்கொண்டோம். வெளியே வந்துதான் சமையற்காரர் மனைவி தெல்ஃபீனா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உங்களுக்குச் சமைக்கிற அந்தத் தடியர் வீட்டில் ஒரு முட்டைகூட வேகவைத்ததில்லையாம், அதற்கும் சேர்த்து அழுதாள்.

புதன்கிழமை ஹெர்குலிஸ் விமானம் அங்கே வருகிறது. மூன்று மூட்டைகள். முதல் இரண்டில் காய்கறி, மாவு, ஆராய்ச்சிக்காரர்களின் கருவிகள். மூன்றாவதில் குடும்பப் பெட்டிகள். உன் புது பம்ப் அந்த மூன்றாவது மூட்டைக்கு நடுவில் வருகிறது. தனியாகப் போட்டால் அடிபடுமாம். எங்கள் கம்பளிச் சட்டையும் காலுறையும்தான் அதற்கு மெத்தை. ஆகையால் இர்மா உனக்குப் பின்னிய குல்லாயை உடனே எடுத்துப் போட்டுக்கொள்ளாமல் முதலில் பம்பை எடு என்று சொல்லத் தோன்றுகிறது. அதை நான் சொல்லாமலே நீ செய்வாய்.

இந்த முறை எடை விஷயத்தில் நான் பொல்லாதவளாகிவிட்டேன். போன வருஷம் குளிர்காலத்தில் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதல்லவா? ஆளுக்கு ஆறு கிலோ என்றால் எல்லாரும் பட்டியலில் ஆறு என்று எழுதிவிட்டு ஒன்பதைத் திணித்தார்கள். பாராசூட் குடை கிழிந்து, மூட்டை தலைகுப்புற விழுந்து, ஜாம் புட்டிகளெல்லாம் பனியில் சிதறி, எவனுக்கும் ஒரு கரண்டிகூடக் கிடைக்கவில்லை. இந்த வருஷம் இபர்ரா மேசையைத் தட்டி, "பட்டியல்ல இருக்கிற எடை பெட்டியில இருக்கணும், அவ்வளவுதான்" என்றார். நான் எழுந்து, அந்தப் பொறுப்பை என்னிடம் விடுங்கள் என்றேன். தபால் நிலையத்தில் பதினாறு வருஷம் தராசுக்கு முன்னால் உட்கார்ந்தவளிடம் யார் வாலாட்ட முடியும்? மேலதிகாரியிடம் கேட்டு அந்தத் தராசையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

ஊரே என்னைத் திட்டுகிறது. தெல்ஃபீனா சீமைமாதுளைப் பாகுக் கட்டி ஒன்றைத் துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்தாள். எடுத்து மேசையில் வைத்தேன். "அடியே நெலிதா, உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா? ஒரு கட்டிதானடி!" என்றாள். உங்கள் வானொலிக்காரன் புச்சியின் அப்பா ரப்பர் காலணிக்குள் ஒயின் புட்டியை இறக்கி, அதன் மேல் ஒரு காலுறையையும் அடைத்துக் கொண்டுவந்தார். பிடித்தவுடன் முகம் சிவந்து, "அது காலணியோடயே வந்ததும்மா" என்றார். என் பெட்டியையும் விடவில்லை. மாத்தே இலைப் பொட்டலம் ஒன்றை நானே எடுத்துவிட்டேன். உனக்கு இரண்டுதான் வருகிறது, பார்த்துக் குடி. பதினேழு பெட்டிகளும் ஆறு கிலோ, ஒரு கிராம் கூடுதல் இல்லை.

என் தம்பி தீனோவுக்குத்தான் ஆச்சரியமாக இருக்கும். மூட்டை கட்டும் கொட்டகையில் அவனும் அவன் ஆட்களும் இந்தத் திருட்டு எடைக்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள், உனக்குச் சொல்லியிருக்கிறேனா? குடும்பக் கிலோ. பட்டியலில் என்ன இருந்தாலும் பெட்டிக்கு மூன்று கிலோ மனசுக்குள் கூட்டிக்கொண்டுதான் குடையைத் தேர்ந்தெடுப்பார்களாம். போன வருஷம் பெட்டிக்கு ஒன்றுதான் கூட்டினார்கள், அதனால்தான் கிழிந்தது என்று கிறிஸ்துமஸ் விருந்தில் பெருமையடித்தான். அப்போது நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். இப்போது இல்லை. பிப்ரவரியில் நீ கப்பலேறிய நாளிலிருந்து இல்லை. தளத்துக்குப் போகிறவர்கள் பட்டியலிலிருந்து உன் பெயரை எடுக்கச் சொல் என்று அவனிடம் நான் கெஞ்சியதும், அவன் தலையாட்டிவிட்டு உன்னிடம் வந்து, "போயிட்டு வா மாப்பிள்ளை, அவ நாலு நாள் கத்துவா, அப்புறம் சரியாயிடுவா" என்று சொன்னதும் உனக்குத் தெரிந்ததுதான். நாலு மாதம் ஆகிவிட்டது, நான் சரியாகவில்லை.

வியாழக்கிழமை வானொலியில் மெதுவாகப் பேசு.

லொரேத்தோ மாதா உன்னைக் காக்கட்டும்.

உன் நெலிதா


ரியோ கஷேகோஸ்,
29 ஜூன் 1990, வெள்ளிக்கிழமை

அன்புள்ள எவாரிஸ்தோவுக்கு,

போன வெள்ளிக்கிழமை எழுதிய கடிதம் உனக்குக் கிடைக்காது. அது எங்கே கிடக்கிறது என்று என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். இந்தக் கடிதம் எப்போது கிடைக்கும் என்றும் தெரியாது. இன்னொரு விமானம் உண்டு என்கிறார்கள், நாள் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஒன்று கேட்கிறேன். நேற்று ஏன் நீ பேச வரவில்லை? என் முறை வந்தது, நான் உன் பெயரைச் சொன்னேன், புச்சிதான் பேசினான். "எவாரிஸ்தோ மெஷினோட இருக்கார் சென்யோரா, விட்டுட்டு வர முடியல, நல்லா இருக்காரு, உங்களுக்கும் பொண்ணுக்கும் முத்தம் சொல்லச் சொன்னாரு" என்று ஒரே மூச்சில் ஒப்பித்தான். அவனும் வேகமாகச் சொன்னான். எனக்கு அடுத்து தெல்ஃபீனா. அவள் புருஷர் வழக்கம்போல் உளறினார்: "எல்லாரும் சௌக்கியம், சும்மா சாப்பிட்டுத் தூங்கிட்டிருந்த டாக்டருக்குக்கூட இப்பத்தான் கொஞ்சம் வேலை கிடைச்சிருக்கு." அதோடு நிறுத்திக்கொண்டார். யாரோ அவர் காலை மிதித்திருக்க வேண்டும். நான் திரும்பி மற்ற பெண்களைப் பார்த்தேன். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பதினேழு பேரில் யார் குரலை நேற்று கேட்கவில்லை என்று எண்ணிப்பார்க்க எனக்கு விரல்கள் தேவைப்படவில்லை. நீ ஒருவன்தான்.

அது இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை இங்கே என்ன நடந்தது என்று சொல்கிறேன். இதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

உலகக் கோப்பைக் கால்பந்தில் நாம் பிரேசிலை ஜெயித்த நாள். ஊரில் ஒருவன்கூட வீட்டில் இல்லை, காற்றையும் பொருட்படுத்தாமல் கொடிகளோடு ரோகா தெருவில் கத்திக்கொண்டு திரிந்தார்கள். இரண்டு மணிக்குக் கொட்டகையிலிருந்து வண்டி வந்தது. வானிலை புதன்கிழமை கெடுகிறதாம், விமானம் திங்கள் விடியற்காலையிலேயே கிளம்புகிறதாம், பெட்டிகளை உடனே கொடுங்கள் என்றார்கள். வண்டியோடு வந்தவன் தீனோ. நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தெல்ஃபீனா எனக்குத் துணையாக வந்திருந்தாள், அவள்தான் பெட்டிகளை எடுத்துக் கொடுத்தாள். தீனோ வாசலில் நின்று, யாரையும் பார்க்காமல், "எல்லாம் சரிதானே? நான் தெரிஞ்சுக்கிறது ஏதாவது இருக்கா?" என்று கேட்டான்.

நான் கையில் ஒரு தட்டோடு நின்றேன். "பட்டியல் மேல இருக்குன்னு சொல்லு" என்று தெல்ஃபீனாவிடம் சொன்னேன்.

எவாரிஸ்தோ, அந்த நேரத்தில் குடும்பக் கிலோ எனக்கு நினைவுக்கு வந்தது. மறந்துபோனேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இந்த வருஷம் எடை உண்மை என்று ஒரு வார்த்தை அவனிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கூடவே, நான் ஏன் முதலில் பேச வேண்டும் என்றும் தோன்றியது. எப்படியும் கொட்டகைத் தராசில் ஏற்றிப் பார்ப்பான், அக்காள் எப்பேர்ப்பட்டவள் என்று அப்போது தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. நான் தட்டைத் துடைத்து அடுக்கினேன்.

கொட்டகையில் அன்று எடை போடவில்லை. பெரிய தராசு இருக்கிற அறையின் சாவி பண்டகக்காரன் சட்டைப்பையில் இருந்தது, பண்டகக்காரன் ரோகா தெருவில் யார் தோளிலோ ஏறி உட்கார்ந்திருந்தான். மறுநாள் விடியலுக்குள் மூட்டை தயாராக வேண்டும். தீனோ பட்டியலைப் பார்த்தான். பெட்டிகள், பம்ப், மரச்சட்டம் எல்லாம் சேர்த்து நூற்று நாற்பது கிலோ என்று எழுதியிருந்தது. அதற்குச் சின்னக் குடை. அவன் பழக்கப்படி பெட்டிக்கு மூன்று கிலோ கூட்டினான், நூற்றுத் தொண்ணூறு ஆயிற்று. அதற்குப் பெரிய குடை. போன வருஷம் குறைத்துக் கூட்டிப் பட்ட அடி அவனுக்கு மறக்கவில்லை. பெரிய குடையைக் கட்டினான்.

இதையெல்லாம் செவ்வாய்க்கிழமை அவனே வந்து சொன்னான். தோட்டத்துக் கதவுக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அவனைப் பார்த்தவுடன் உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். நாலு மாதத்துக்குப் பிறகு அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை, "உள்ள வா, கதவு காத்துல அடிச்சுக்குது."

அவன் உட்காரவில்லை. "மூட்டையைத் தள்ளிவிட்டது நான்தான் நெலி. முதல் ரெண்டும் அவங்க அடையாளத்துக்குக் கொளுத்தி வச்ச பீப்பாய்க்கு நடுவுல கல்லு மாதிரி விழுந்துச்சு. மூணாவது விழமாட்டேன்னு அடம்பிடிச்சுது. காத்து அதை அப்படியே தூக்கிட்டுப் போயிருச்சு. தரையில பட்டப்புறமும் குடை சுருங்கல, பாய்மரம் மாதிரி இழுத்துக்கிட்டு ஓடுச்சு, பனி பிளந்து கிடக்கிற பக்கமா. நான் பின்கதவுல குப்புறப் படுத்துக்கிட்டுப் பாத்துக்கிட்டேயிருந்தேன்" என்றான். பிறகு, "நான் கூட்டிப் போட்ட எடைக்கு அந்தக் குடை இப்படிப் பறக்கவே பறக்காது. எவ நெலி இந்த வருஷம் இவ்வளவு நேர்மையா பெட்டி கட்டினது?" என்று கேட்டான்.

"நான்தான்" என்றேன்.

அவன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான், பிறகு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். முழுத் தப்பும் தன்னுடையது என்று இபர்ராவிடம் எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு மாத்தே ஊற்றிக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனான். ஆகவே உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பம்ப் உன் கையில் இருந்திருக்கும். வீம்புக்காக வாயை மூடிக்கொண்டேன்.

நீங்கள் மூட்டையைத் தேடிப் போனீர்கள் என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். யார் போனது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். பம்புக்காகப் பனிச்சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு, அந்த அரையிருட்டில், வேறு எவனையும் நம்பாமல் போகிற ஆள் அங்கே ஒருவன்தான் இருக்கிறான்.

இர்மா என்னைக் கேட்டாள், "அப்பா நேத்து ஏம்மா பேசல?" என்று. மெஷினோடு இருக்கிறார் என்றேன். "எல்லாரும் ஒரே மாதிரி சொல்றீங்க" என்றாள். எட்டு வயதில் இவ்வளவு சாமர்த்தியம் ஆகாது.

உனக்கு என்ன ஆயிற்று எவாரிஸ்தோ?

நெலிதா


ரியோ கஷேகோஸ், மூட்டைக் கொட்டகை,
3 ஜூலை 1990, செவ்வாய்க்கிழமை மாலை

அன்புள்ள எவாரிஸ்தோவுக்கு,

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். நீயும் என் தம்பியும் சரியாக எட்டு நாள் தாக்குப்பிடித்தீர்கள். உன் கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது என்று இன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வரிசையாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் எல்லாம் குழம்பிப்போகும். புது பம்ப் கோர்தோபாவிலிருந்து நேற்று வந்து சேர்ந்தது. விமானம் நாளை விடியலில் கிளம்புகிறது. மூட்டையைத் தீனோ கட்டக் கூடாது, அவன் விமானத்தில் ஏறவும் கூடாது, புவெனோஸ் அயர்ஸிலிருந்து வேறு ஆளை வரவழைக்கிறேன் என்று இபர்ரா முடிவு செய்திருந்தார். தெல்ஃபீனா ஓடிவந்து சொன்னாள். அவளுக்கு அது சந்தோஷமான செய்தி. மற்றப் பெண்களுக்கும் அப்படித்தான், தீனோ பெயரைச் சொன்னாலே காறித் துப்பாத குறை. நான் மட்டும் நேற்று தபால் நிலையத்தில் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு நேராக இபர்ராவின் அறைக்குப் போனேன்.

உனக்கு எழுதியதையெல்லாம் அவரிடம் சொன்னேன். தட்டைத் துடைத்து அடுக்கியது வரைக்கும். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். முடித்ததும், "இதை எதுக்கு சென்யோரா எங்கிட்ட வந்து சொல்றீங்க?" என்றார். அந்த வெளியூர் ஆளுக்கு உங்கள் பனியும் தெரியாது, அந்தக் காற்றும் தெரியாது என்றேன். "தப்புப் பண்ணினவன் கட்டட்டும். அவனை விட ஜாக்கிரதையா இந்த நாட்டுல இன்னிக்கு எவனாலயும் ஒரு முடிச்சுப் போட முடியாது. அங்க இருக்கிறது என் புருஷன், நான்தான் கேக்கிறேன்" என்றேன். மறுபடியும் தவறிப்போனால் என்று இழுத்தார். அப்போது நான் அவனைச் சபிப்பேன், உங்களையும் சபிப்பேன், ஆனாலும் இன்றைக்கு அவன்தான் கட்ட வேண்டும் என்றேன். அவர் சரி என்றார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். எடையைத் தீனோ பார்க்கக் கூடாது, நான் பார்த்து, நான் கையெழுத்துப் போட வேண்டும்.

அதனால்தான் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கவிழ்த்த பெட்டிதான் மேசை. இங்கே இருக்கிற குளிருக்குப் பேனா மை உறைகிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மெத்தைக்குக் குடும்பப் பெட்டிகள் இல்லாததால் பெண்கள் படுக்கைகளிலிருந்து போர்வைகளை உருவிக்கொண்டு வந்தார்கள். இபர்ராவிடம் நான் சொன்னதை எல்லாருக்கும் சொல்லிவிட்டேன், தெல்ஃபீனாவுக்கும். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், நாலு நாளாகத் தீனோவைத் திட்டியதெல்லாம் அவள் முகத்தில் தெரிந்தது. "நீயும் மனுஷிதான்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு, போர்வையின் மேல் அந்தச் சீமைமாதுளைக் கட்டியை வைத்தாள். எடை போட்டு, பட்டியலில் எழுதி, உள்ளே வைத்துவிட்டேன்.

இத்தாலியோடு இன்று அரையிறுதி. ஆட்கள் டிரான்சிஸ்டரை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெனால்ட்டிக்குப் போய்விட்டது. அப்போது மூட்டை தராசில் ஏறியது. "அதை அணைங்கடா" என்றான் தீனோ. ஒருவன் முனகினான். "இத்தாலிக்காரன் காத்திருப்பான். நெலி, நீ படி" என்றான். நான் படித்தேன். இறக்கி மறுபடி ஏற்றினார்கள், மறுபடி படித்தேன். மூன்றாவது முறையும் அதே எண். கையெழுத்துப் போட்டேன். பிறகு டிரான்சிஸ்டரைப் போட்டார்கள், நாம் ஜெயித்திருந்தோம், எல்லாரும் கத்தினார்கள். அந்தக் கத்தலுக்கு நடுவில்தான் தீனோவிடம் என் பங்கைச் சொன்னேன். அவனுக்குச் சரியாகக் கேட்டதா என்று தெரியவில்லை என்று நினைத்தேன். கேட்டிருந்தது.

"வாசல்ல நின்னு கேட்டேனே, அப்பவா?" என்றான். ஆமாம் என்றேன்.

அவன் கயிற்றை இரண்டு தடவை சுற்றி முடிச்சுப் போட்டான். என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். "சரி, நீ சொன்னதுனால நானும் ஒண்ணு சொல்றேன். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு ரேடியோவுல எவாரிஸ்தோ வாங்கின சத்தியத்தை மீறுறேன், அவன் வந்து என்னை அடிக்கட்டும்" என்று ஆரம்பித்து, உன் காலைப் பற்றிச் சொன்னான். மூட்டைக்கு இருநூறு அடி முன்னால் பனி உள்வாங்கியது, நீ தொடை வரை இறங்கினாய், உன் கூட வந்த வானிலைக்காரர்தான் கயிற்றைப் பிடித்து இழுத்தார், நீ வண்டியில் படுத்துக்கொண்டே மூட்டைக்குப் போகலாம் என்று அவரோடு சண்டை போட்டாய், நல்லவேளை அவர் கேட்கவில்லை. எல்லாம் சொன்னான். கப்பல் வரும் வரைக்கும் உன்னைக் கொண்டுவர வழியில்லை என்பதையும் சொன்னான். ஜெனரேட்டர் இப்போது நாளுக்கு நாலு மணி நேரம்தான் ஓடுகிறது, அது இருமும்போதெல்லாம் உன்னைப் படுக்கையோடு இயந்திர அறைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், நீ படுத்தபடியே எந்தத் திருகை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று கத்துகிறாய் என்றான். அதைச் சொல்லும்போது அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வெளியே போய், காற்றில் நின்று, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

நேற்று இபர்ராவிடம் நான் கேட்டது என்ன என்று அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. காற்றில் மூட்டை நகராமல் இருக்க நாளைக்கு விமானம் வழக்கத்தை விடத் தாழப் பறக்கிறது. பக்கத்தில் மலை. வெளிச்சம் இரண்டு மணி நேரம். பின்கதவில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நிற்கப்போகிறவன் என் தம்பி. நான்தான் அவனை அதில் ஏற்றுகிறேன். காற்று மிஞ்சினால் போடாமல் திரும்பி வந்துவிடு என்றேன். வருவேன் என்றான். நீ "நல்லா இருக்கேன்" என்று சொல்கிற அதே வேகத்தில் சொன்னான்.

மூட்டையில் பம்ப் இருக்கிறது, கட்டுப்போட மாவு இருக்கிறது, வலிக்கு ஊசியும் மாத்திரையும் இருக்கின்றன, இந்த இரண்டு கடிதங்களும் இருக்கின்றன. பீப்பாய்களைத் தாண்டி விழுந்தால் அங்கேயே கிடக்கட்டும். யாரும் போக வேண்டாம். நாற்காலிகளைக் கொளுத்துங்கள், கதவுகளைக் கொளுத்துங்கள், எல்லாரும் ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுங்கள், நாங்கள் மூன்றாவது பம்பை வாங்கி அனுப்புகிறோம். இதை நீ படிக்கிறாய் என்றால் பக்கத்தில்தான் விழுந்திருக்கிறது, அப்போது இந்த வரிக்கு வேலை இல்லை. தெரிந்துதான் எழுதுகிறேன்.

நீ போன வியாழக்கிழமை ஏன் வரவில்லை என்று இப்போது தெரிகிறது. உன் குரலைக் கேட்டால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று பயந்தாய். இனி அந்தப் பயம் வேண்டாம்.

நாளைக்கு மறுநாள் வியாழக்கிழமை. உன்னைப் படுக்கையோடு இயந்திர அறைக்குத் தூக்கிப் போகிறவர்கள் வானொலி அறைக்கும் தூக்கிப் போகட்டும். அதைத் தவிர நான் வேறு எதுவும் கேட்கவில்லை. நல்லா இருக்கேன் என்று மட்டும் சொல்லாதே. வலிக்கிறது என்று சொல். ஏன்டி அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல என்று கேள். என் பின்னால் பன்னிரண்டு பேர் நிற்பார்கள், அவர்களுக்கும் கேட்கட்டும். மூன்று நிமிஷமும் என்னைத் திட்டு எவாரிஸ்தோ. நான் குறுக்கே பேச மாட்டேன்.

லொரேத்தோ மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும்.

உன் நெலிதா